வாரக்கூலியும் மாதச் சீட்டும்

மருந்துச் சீட்டை நீட்டி, "ஏனுங்க, இதுல எது ரொம்ப முக்கியமுங்க? அதைய மட்டும் குடுங்க" என்று கேட்பவர்கள் எல்லா மருந்துக்கடைக்கும் வருவார்கள். குமாரபாளையத்தில் நான் கடை வைத்திருக்கும் தெருவில் அவர்கள்தான் அதிகம். சளி, காய்ச்சல் சீட்டு என்றால் சமாளித்துவிடலாம். சத்து மாத்திரையை விட்டுவிடுங்கள், டானிக் இப்போதைக்கு வேண்டாம் என்று கழித்துக் கொடுக்கலாம். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவரின் சீட்டில் கழிக்க எதுவும் இருக்காது. ரத்தம் உறையாமலிருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்றோ இரண்டோ, சர்க்கரை இருந்தால் அதற்கும் சேர்த்து. எல்லாமே ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டியவை. எல்லாமே முக்கியம் என்றுதான் நானும் சொல்லுவேன். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு, நாலில் இரண்டை மட்டும், அதுவும் ஐந்து நாளைக்கு வாங்கிப் போவார்.

எங்கள் ஊருக்கு மேற்கே காவிரி. பாலத்தைத் தாண்டினால் பவானி. அந்தக் கரைக்கு ஜமக்காளம். இந்தக் கரையில் விசைத்தறி, சைசிங், சாயப்பட்டறை. இரவு பகல் பார்க்காமல் தறிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கூலி மீட்டர் கணக்கு, பட்டுவாடா சனிக்கிழமை. மருத்துவர் எழுதும் சீட்டோ மாதக் கணக்கு. முப்பது நாளைக்கு மாத்திரை, தீர்ந்ததும் வந்து காட்ட வேண்டும். ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிற வீட்டுக்கு அது இயல்பாகப் பொருந்தும். வாரக்கூலிக்காரர் மளிகையையே வாரத்துக்குத்தான் வாங்குகிறார். வாடகை, கந்து, கடைக்கடன் எல்லாம் அந்தச் சனிக்கிழமைப் பணத்திலேயே போக, மிச்சத்தில் வருவதுதான் மாத்திரை. சனிக்கிழமை இரவு ஒன்பதுக்கு மேல் என் கடையில் நிற்க இடமிருக்காது. அன்று வாங்கியது வியாழனோடு தீர்ந்துவிடும். அடுத்த பட்டுவாடா வரை உடம்பு மருந்தில்லாமல் கிடக்கும்.

பட்டையை வெட்டிக் கொடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ஆறு மாத்திரை கேட்டால் கத்தரிக்கோலால் வெட்டித்தான் ஆக வேண்டும். மருந்தின் பெயர் ஒருவர் வீட்டுக்கும் காலாவதித் தேதி இன்னொருவர் வீட்டுக்கும் போய்விடும். வெள்ளைக் கவரில் போட்டு, பெயரையும் வேளையையும் பேனாவால் எழுதிக் கொடுப்பேன். படிக்கத் தெரியாதவர்களுக்குக் காலைக்கு ஒரு சூரியன், ராத்திரிக்கு ஒரு பிறை.

அந்தச் சூரியனையும் பிறையையும் நான் நெடுநாள் வரைந்து கொடுத்தது, எங்கள் தெருவுக்குப் பின்னால் லைன் வீட்டில் குடியிருந்த தறிக்கார அண்ணனுக்கு. ஆறு தறி ஓட்டுகிறவர். தறிக்காரரின் திறமையெல்லாம் இழை அறும்போதுதான் தெரியும். தறியை நிறுத்தி, அறுந்த இழையின் இரண்டு முனையையும் தேடிப் பிடித்து, கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டு ஓட விட வேண்டும். அதற்குள் அடுத்த தறியில் இழை அறும். அண்ணனின் விரல்கள் அந்த வேலைக்கென்றே செய்தவை. 2015-ல் ஒரு நாள் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து பல் விளக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணியது, இடது கை தொங்கிவிட்டது. வயது ஐம்பதைத் தொடவில்லை.

அவர் மனைவியை நான் அக்காள் என்பேன். அக்காள் அவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை என்று ஊரில் பேசினார்கள். உண்மையில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். தூங்கி எழுந்தால் சரியாகும் என்று முதலில் படுக்க வைத்தார்கள். பிறகு பட்டறை முதலாளியிடம் பணம் கேட்க ஆள் போனது. அவர் ஊரில் இல்லை. மதியத்துக்கு மேல்தான் வண்டி கிளம்பியது. ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. அறிகுறி தெரிந்த நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். போடும் முன் ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அந்த நாலரை மணி நேரம், பணம் புரட்டுவதிலேயே போயிற்று. 108 வண்டி 2008 முதலே எங்கள் பக்கம் ஓடுகிறது. கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டால், "கூப்புட்டாப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவாங்க, அங்க போயி காசுக்கு என்ன பண்றது தம்பி?" என்றார் அக்காள். வண்டிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்று அவருக்குத் தெரியும். வண்டி போய் நிற்குமிடத்தைப் பற்றிய பயம் அது.

வீடு திரும்பிய அண்ணனைப் பார்க்க உறவுக்காரர்கள் புறாவோடு வந்தார்கள். விழுந்த கை காலில் புறா ரத்தம் தேய்த்தால் உணர்ச்சி வரும் என்பது எங்கள் பக்கத்தில் வேரூன்றிய நம்பிக்கை. புறாவால் பெரிய கெடுதல் இல்லை, பாவம் புறாவுக்குத்தான். அடுத்து வந்ததுதான் கெடுதல். ஒரு எண்ணெய் வைத்தியசாலையில், இங்கிலீஷ் மாத்திரை சாப்பிட்டால் எங்கள் மருந்து கேட்காது என்று சொல்லி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். ஒரு மண்டலத்துக்குப் பணம் கட்டிச் சேர்ந்தார். படித்தவர்கள் இதை அறியாமை என்பார்கள். அண்ணன் எனக்குச் சொன்ன காரணம் வேறு: "உங்க மாத்தரை சாவற வரைக்கும் சாப்பிடோணுங்கறீங்க. அவங்க நாப்பத்தெட்டு நாளுன்னு ஒரு கணக்குச் சொல்றாங்க." வாரா வாரம் கணக்குத் தீர்த்து வாழ்கிறவரிடம் முடிவே இல்லாத ஒரு செலவை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறோம். முடிவு தேதி சொல்பவரிடம் அவர் போவதில் எனக்கு வியப்பில்லை.

மண்டலம் முடிந்து கை திரும்பாதபோது மறுபடி சீட்டோடு வந்தார். அப்போது அவர் கூலியும் விழுந்திருந்தது. முடிச்சுப் போட இரண்டு கை விரல்களும் வேண்டும். இடது கை ஒத்துழைக்காது. தறியை அக்காள் எடுத்துக்கொண்டார். அண்ணனுக்குத் தார் சுற்றும் வேலை கிடைத்தது, பாதிக் கூலிக்கு. பட்டறையில் வாங்கிய முன்பணம் அப்படியே நின்றதால் வேறு பட்டறைக்கும் போக வழியில்லை. வருமானம் குறைந்த அதே மாதத்தில்தான் மருந்துச் செலவு கூடியது.

அதே வருடம், அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கும் பக்கவாதம் வந்தது. அவருக்கும் தாமதம்தான், ஊசிக்கான நேரம் தப்பிவிட்டது. பிரஷர் அண்ணனைவிட அவருக்கு அதிகம். ஊறுகாயை விடமாட்டார், மருத்துவர் சொன்னால் எதிர்த்துப் பேசுவார், சிகரெட்டை விடுவதற்குள் வீட்டாரைப் படாதபாடு படுத்தினார். ஆனால் ஓய்வூதியம் வந்த மறுநாள் முப்பது நாள் மாத்திரை அவர் வீட்டுக்குப் போய்விடும். வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி, நாள் வாரியாக அறை பிரித்த மாத்திரை டப்பா, ஈரோட்டுக்குக் காரில் கூட்டிப்போக மகன். ஃபிசியோதெரபிக்கு ஆள் வீட்டுக்கே வந்தார். வாத்தியார் இன்றும் கைத்தடி இல்லாமல் காவிரிப் படித்துறை வரை நடந்துவிட்டு வருகிறார். அவர் நலமாக இருப்பதில் எனக்கு மனநிறைவு. அண்ணனைவிட அவர் ஒழுங்கானவர் என்று யாராவது சொன்னால் மட்டும் என்னால் பொறுக்க முடியாது.

என் மகள் பி.ஃபார்ம் படித்தபோது விடுமுறையில் கல்லாவில் உட்காருவாள். கடன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதைப் பற்றியெல்லாம் உலக அளவில் கணக்கெடுத்திருக்கிறார்கள் அப்பா என்று சொல்லி, 2011-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வைக் காட்டினாள். மாரடைப்போ பக்கவாதமோ ஒரு தடவை வந்து பிழைத்தவர்களை 17 நாடுகளில் தேடிப்போய், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்ட ஆய்வு. பலன் நிரூபிக்கப்பட்ட மருந்துகளில் ஒன்றைக்கூடச் சாப்பிடாதவர்கள் பணக்கார நாடுகளில் 11 சதவீதம். இந்தியா இடம்பெற்ற ஏழை நாடுகளின் வரிசையில் 80 சதவீதம். என் தெருவுக்கு இது புதுச் செய்தி இல்லை. ஆனால் எனக்கு ஒன்று விளங்கியது. என் கடைக்கு வந்து எது முக்கியம் என்று கேட்கிறவர்கள், மிச்சமிருக்கும் இருபதில் இருப்பவர்கள். கடைப்படி ஏறாதவர்களை நான் பார்த்ததே இல்லை.

மருந்தின் பலனில் எந்தச் சந்தேகமும் இல்லை. பக்கவாதம் வந்தவர்களுக்குப் பிரஷரைக் குறைக்க மாத்திரை கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2001-ல் வெளியானது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். மறுபடி பக்கவாதம் வருவது 28 சதவீதம் குறைந்தது. ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் 14 மாத்திரைப் பட்டையை எங்கள் ஊரில் ஒரு டீக் காசுக்கும் குறைவாக வாங்கலாம். கொழுப்பு மாத்திரைதான் சீட்டிலேயே கூடுதல் விலை; முதலில் விடுபடுவதும் அதுதான். பிரஷர் மாத்திரை அடுத்து விடுபடும், ஏனென்றால் பிரஷர் வலிக்காது. வலிக்காத நோய்க்குக் காசு ஒதுக்கச் சொன்னால், வலிக்கும் பல்லுக்கும் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் அடுத்தபடியாகத்தான் ஒதுக்குவார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் பிரஷர் இருக்கும் வீடுகளில் ஒரே பட்டையைப் பங்கு போடுவதைப் பார்த்திருக்கிறேன். பங்கு என்பது பேச்சுக்குத்தான். பெண் தன் மாத்திரையைப் புருஷனுக்கு விட்டுவிடுவாள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைப் பங்கு போடுவது இன்னும் ஆபத்து. மூளையில் ரத்தம் கசிந்து பக்கவாதம் வந்தவருக்கு அது கேடு செய்யும். அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் எடுக்காமல் யாருக்கும் தெரியாது. "அவருக்குக் குடுத்த அதே மாத்தரை குடுங்க" என்று வருகிறவர்களிடம் நான் கறாராக இருப்பேன். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு.

என் கடை நோட்டு ஒரு வகையில் இந்த ஊரின் வரலாறு. தறி நின்றால் மாத்திரை நிற்கும். 2012-ல் மின்வெட்டு நாளில் பாதிப் பொழுதைத் தின்றபோது பிரஷர் மாத்திரை விற்பனை படுத்தது. 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். அந்த வாரப் பட்டுவாடாவே நடக்கவில்லை. பழைய நோட்டை நீட்டி மாத்திரை கேட்டவர்களுக்கு நான் கடன் எழுதிக் கொடுத்தேன். கேட்கக் கூச்சப்பட்டு வராமலேயே இருந்தவர்கள் எத்தனை பேரோ. நூல் விலை ஏறினால், ஆடியில் சரக்குத் தேங்கினால், பட்டறை இரண்டு நாள் மூடினால், அத்தனைக்கும் என் அலமாரியில் தடம் இருக்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மருந்துக்கடையைத் திறந்து வைக்கலாம் என்றார்கள். திறந்து வைத்தேன். தறிச்சத்தம் இல்லாத குமாரபாளையத்தை என் வாழ்நாளில் அப்போதுதான் கேட்டேன்.

அண்ணனுக்கு அந்த ஜூனில் இரண்டாவது முறை வந்தது. ஊரடங்கு மாதங்களில் பஸ் இல்லை, பட்டறை இல்லை. இருந்த காசு அரிசிக்கும் வாடகைக்கும் போனது. பிரஷர் மாத்திரையை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று அக்காளிடம் கோபப்பட்டேன். "ஏற்கனவே நோட்டுல எவ்வளவு நிக்குதுன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா தம்பி?" என்றார். இந்த முறை வலது பக்கம், பேச்சும் போய்விட்டது. எட்டு மாதம் படுக்கையில் கிடந்து, 2021 தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஆகஸ்ட் 5-ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும், படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு ஃபிசியோதெரபியும் வரும். எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் பை தூக்கிக்கொண்டு வந்தாள். மருந்துக்கடைக்காரன் வியாபாரம் குறையுமே என்று சிலர் என்னிடம் அனுதாபம் காட்டினார்கள். எனக்கு அது பெரிய ஆறுதலாகவே இருந்தது. என் கடன் நோட்டு இத்தனை ஆண்டுகள் தூக்கிச் சுமந்ததை ஓர் அரசு தன் தோளில் ஏற்றிக்கொண்டது. 1990-களில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவாகி மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்ய ஆரம்பித்ததிலிருந்தே இதற்கு வழி பிறந்திருந்தது. காப்பீட்டு அட்டை அறுவை சிகிச்சைக்கும் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் உதவும். அன்றாடம் விழுங்கும் மாத்திரை அதில் வராது. அந்த இடைவெளியில்தான் அண்ணனைப் போன்றவர்கள் விழுந்தார்கள்.

ஆனாலும் பையோடு வரும் பெண் பகலில் வருவாள். பகலில் லைன் வீடுகளில் பூட்டுத்தான் தொங்கும்.

மகள் இப்போது வேறு ஊரில் மருந்தாளுநர். சென்ற ஆண்டு வந்திருந்தபோது இன்னோர் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் துரை பாண்டியன் தலைமையில் நம் நாட்டிலேயே 31 மருத்துவமனைகளில் நடந்தது. பக்கவாதம் வந்த 4,298 பேர். அவர்களில் பாதிப் பேருக்கு 12 மொழிகளில் குறுஞ்செய்தி, வீடியோ, ஒரு கையேடு. மாத்திரையைத் தவறவிடாதே, பீடியை விடு, உப்பைக் குறை என்று அவரவர் மொழியில் நினைவூட்டினார்கள். மாத்திரை சாப்பிடும் ஒழுங்கு கூடியது, பழக்கங்களும் மாறின. ஓராண்டு முடிவில் மறுபடி பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்களின் கணக்கில் மட்டும் இரண்டு பாதிக்கும் வித்தியாசமில்லை. 2023-ல் முடிவு வெளியானது. அந்த மருத்துவமனைகளில் ஏற்கனவே நல்ல கவனிப்பு இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றாள் மகள். எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. அவருக்கு நினைவூட்ட வேண்டிய தேவையே இருந்ததில்லை. ராத்திரிக்கு வெள்ளை, காலையில் மஞ்சள், சின்னது சாப்பாட்டுக்கு அப்புறம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அவள் சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ஆறு மருந்துகளை ஒரே மாத்திரையாகச் சேர்த்துவிடலாம் என்று இங்கிலாந்தில் வால்ட், லா என்ற இருவர் 2003-லேயே எழுதினார்களாம். இருபது ஆண்டு கழித்து, 2023-ல், உலக சுகாதார நிறுவனம் அப்படிப்பட்ட கூட்டு மாத்திரைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒரே மாத்திரை என்றால் எது முக்கியம் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அது அரசு ஆஸ்பத்திரி ஜன்னலில் இலவசமாகக் கிடைக்கும் நாளை நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்காளுக்கும் பிரஷர் என்று அண்ணன் போன பிறகுதான் தெரிந்தது. கணவருக்கு வைத்தியம் பார்த்த ஆறு வருடத்தில் அவர் கையில் யாரும் பட்டை கட்டிப் பார்த்ததில்லை. முதல் அளவே 180-க்கு மேல். இப்போது அரசு மாத்திரை சாப்பிடுகிறார். டெண்டர் மாறினால் மாத்திரையின் நிறம் மாறும்; போன மாதம் ரோஸாக இருந்தது இந்த மாதம் வெள்ளையாக வரும். சந்தேகம் வந்தால் நேரே என் கடைக்குக் கொண்டு வந்து காட்டுவார். பெயரைப் படித்துப் பார்த்து, அதேதான், கம்பெனிதான் வேறு என்று சொன்ன பிறகே வாயில் போடுவார்.

சில மாதங்களுக்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரிய சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார். தன் லைனில் இன்னும் மூன்று பேருக்குப் பிரஷர், ஒருவருக்கு ஏற்கனவே கை இழுத்திருக்கிறது. பகலில் தறியை விட்டு வந்தால் அரை நாள் கூலி போகும், அதனால் நான்கு பேர் மாத்திரையையும் என்னிடம் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். ஆளைப் பார்க்காமல், பிரஷர் அளக்காமல் தர முடியாது என்று செவிலியர் சொல்லியிருக்கிறார். செவிலியர் சொன்னது சரிதான் என்று நானும் சொன்னேன்.

"நானும் அதையேதாஞ் சொன்னேன்" என்றார் அக்காள். "அப்பச் சரி, ராத்திரி எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும், மெசினை எடுத்துக்கிட்டு நீங்க லைனுக்கு வாங்கன்னேன். வாரேன்னுட்டாங்க."

செவிலியர் சொன்னபடி வந்தார். நான்கு பேருக்கு அளக்க வந்தவர் பதினொரு வீட்டுக்கும் அளந்து முடித்துப் போக மணி பத்தாயிற்று.